தமிழில் வைத்தியம் கற்பித்த டொக்டர் கிறீன்

மானிப்பாய் கிறீன் ஆசுப்பத்திரியை அறியாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. அப்பெயருக்குரிய டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் பிறந்தார். எமது நாவலர் பெருமான் பிறந்ததும் அதே ஆண்டுதான். 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருந்துச்சாலையும் வைத்திய வகுப்பும் தொடங்கினார். மதம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

அக்காலத்தில் வட்டுக்கோட்டை செமினரியில் எமது பிள்ளைகள் கணிதம், வானியல் முதலியவற்றை ஆங்கிலத்தில் கற்றனர். கிறீனும் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார்; தமிழில் நூல்கள் இருக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்திற் படித்தவர்களை உத்தியோகம் வெளியே இழுத்தது. ஊரில் தங்கி ஊரவரைப் பார்க்கும் வைத்தியரே அவருக்கு வேண்டியிருந்தது. ஆகவே தாமே தமிழ் கற்று, 1852இல் உடற்கூற்று நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். கலைச்சொற்களை முதலில் தமிழிலும் பின்னர் வடமொழியிலும் தேடினார். இரண்டிலும் கிடைக்காதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். இரசாயன நூலின் பெயரே 'கெமிஸ்தம்'!

1860களில் வகுப்பு முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். எதிர்த்தவர்கள் வேறு யாருமல்லர், அவருடைய மாணவர்களே. தமிழிற் படித்தால் அரசாங்க வேலை கிடையாது என்பது அவர்களுடைய கவலை. அதில் நியாயமும் இருந்தது. 1870இல் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆயினும் கிறீன் அசையவில்லை. அவரிடம் பயின்ற வைத்தியர் அறுபதுக்கு மேல். அவர்களிற் பாதியளவினர் தமிழிற் பயின்றவர்கள்.

நாமும் பல்கலைக்கழகத்திற் கணக்கியலை ஆங்கிலத்தில் மனனஞ் செய்தே சித்தியெய்தினோம். தேய்மானம் என்றால் என்னவென்று உண்மையில் விளங்கியது, ஐயா ஒருவர் பழைய சைக்கிளைக் காட்டித் தமிழிற் சொன்னபோதுதான். இன்று எமது பிள்ளைகள் பின்னக் கணக்கை இந்நாட்டு மொழியிற் செய்கிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு அதை விளக்கச் சொன்னால் திக்குகிறார்கள். கணக்குத் தெரியாமலல்ல, சொல் இல்லாமல். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கதைகளோடு கணக்குச் சொற்களையும் சேர்க்கலாமே என்று நிர்வாக சபையினரைக் கேட்கிறோம்.

கிறீன் 1873இல் உடல் நலங்குன்றித் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 'கெமிஸ்தம்' 1875இலும், உடலியல் நூல் 1883இலும் வெளிவந்தன. மொழிபெயர்ப்புகள் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும். 1884இல் வூஸ்ரரில் காலமானார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்றே அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.