எல்லாத்துலயும் ஃபெயில்... ஆனா ஒரு நகரத்தையே மாத்தினார்! - சிகாகோவின் டேனியல் பர்ன்ஹாம் கதை

விவேகானந்தரின் சிகாகோ உரை பத்தி ஸ்கூல்லயே படிச்சிருப்போம். 1893-ல் அந்த சர்வ சமய மாநாடு நடந்ததே, அப்போ சிகாகோவில் நடந்த பிரமாண்ட உலகக் கண்காட்சியின் ஒரு பகுதியாகத்தான். அந்தக் கண்காட்சியைக் கட்டி எழுப்பின ஆர்க்கிடெக்ட், டேனியல் பர்ன்ஹாம்.

செட்டில் ஆகாத இளைஞன்

1846-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்தவர் பர்ன்ஹாம். ஹார்வர்டு, யேல் ரெண்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும் ஃபெயில். நெவாடாவுக்குப் போய் சுரங்கத் தொழிலில் இறங்கினார், கைகொடுக்கலை. அங்கே தேர்தலில் நின்னார், தோத்தார்.

1871-ல் பெரும் தீ விபத்தில் சிகாகோவின் ஒரு பெரிய பகுதி எரிஞ்சுபோச்சு. நகரத்தையே திரும்பக் கட்ட வேண்டிய நிலை. அந்த நேரத்தில்தான் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பர்ன்ஹாம், ஜான் ரூட் என்ற நண்பரைச் சந்தித்தார். 1873-ல் ரெண்டு பேரும் சொந்தமா நிறுவனம் தொடங்கினாங்க. வரையறதில் ரூட் கில்லாடி. ஆட்களை ஒருங்கிணைச்சு வேலையை முடிக்கிறதில் பர்ன்ஹாம் கில்லாடி.

சதுப்பு நிலத்தில் வெள்ளை நகரம்

உலகக் கண்காட்சிப் பொறுப்பு இவங்க கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, 1891 ஜனவரியில், ரூட் நிமோனியாவில் இறந்துட்டார். நண்பனை இழந்த பர்ன்ஹாம் அங்கேயே நின்னுடலை. ஏரிக்கரையில் 600 ஏக்கருக்கும் அதிகமான மணலும் சேறுமான இடம். அங்கேயே ஒரு மரக் குடிசை போட்டுத் தங்கி, ரெண்டே வருஷத்தில் வெள்ளை வெளேர்னு ஒரு தற்காலிக நகரத்தை நிறுத்தினார். உலகின் முதல் ஃபெரிஸ் வீல் சுத்தினது அங்கேதான். ஆறு மாசத்தில் பதிவான வருகை சுமார் 2.7 கோடி!

அதுக்கப்புறம் நகரங்களே அவரைக் கூப்பிட்டன. வாஷிங்டன் நகரத்தின் மையப் புல்வெளியில் ஓடின ரயில் பாதையை அகற்ற வெச்ச குழுவில் முக்கியமானவர் இவர். மணிலாவுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் திட்டம் போட்டார். நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் கட்டடமும் இவர் நிறுவனத்தோடதுதான்.

சம்பளம் வாங்காத வேலை

ஆனா, அவர் பேர் நிலைச்சது 1909-ல் எட்வர்ட் பென்னட்டோடு சேர்ந்து வெளியிட்ட சிகாகோ திட்டத்தால்தான். அதுக்கு பர்ன்ஹாம் ஒரு பைசாகூட சம்பளம் வாங்கலை. அகலமான சாலைகள், ரயில் நிலையங்கள், நகரைச் சுத்திக் காடுகள்னு போகும் அந்தத் திட்டத்தின் உயிர், ஏரிக்கரை மக்கள் எல்லோருக்கும் சொந்தம் என்ற எண்ணம். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக்கூட இந்தத் திட்டத்தைப் பாடமா வெச்சாங்க. நாளைக்கு ஓட்டுப் போடப்போறவங்க அவங்கதானே!

குறையும் உண்டு. ஏழைகளின் வீட்டு வசதி பத்தி அந்தத் திட்டம் ரொம்பக் கொஞ்சமாத்தான் பேசுது. நகரம் அழகானா போதுமா, அதில் யார் வாழ முடியும்ங்கிற கேள்வி இன்னைக்கும் எல்லா ஊரிலும் இருக்கே!

பார்க்காமலே போனவர்

கடைசி வருஷங்களில் அவரைச் சர்க்கரை நோய் வாட்டியது. 1912 ஏப்ரலில் ஒலிம்பிக் கப்பலில் ஐரோப்பா போயிட்டிருந்தார். எதிர்த்திசையில் டைட்டானிக்கில் வந்துட்டிருந்தார் அவர் நண்பர், ஓவியர் ஃபிராங்க் மில்லெட். மில்லெட் கரை சேரலை. ஏழு வாரத்துக்குள், ஜூன் 1-ம் தேதி, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பர்ன்ஹாமும் இறந்தார். வயசு 65.

மிச்சிகன் அவென்யூ பாலம் திறந்தது 1920-ல். ஆற்றங்கரையில் ரெண்டடுக்கு வேக்கர் டிரைவ் சாலை வந்தது 1926-ல். எதையும் அவர் பார்க்கலை. இன்னைக்கு சிகாகோவின் ஏரிக்கரை கிட்டத்தட்ட முழுசும் பொதுப் பூங்கா. 18 மைல் நீளப் பாதையில் யார் வேணும்னாலும் காசு கொடுக்காம நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம்.