ஈதன் ஆலனின் மகள்

1775-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி, மாண்ட்ரியல் தீவின் கிழக்கே லாங்-ப்வாந்த் என்னுமிடத்தில் ஒரு சிறிய சண்டை நடந்தது. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய ஆண்டு அது. நூற்றுச் சொச்சம் ஆட்களோடு செயிண்ட் லாரன்ஸ் ஆற்றைக் கடந்து நகரைப் பிடிக்க வந்த ஈதன் ஆலன், தோற்று பிரிட்டிஷாரிடம் கைதியானார். டைகொண்டரோகா கோட்டையைப் பிடித்து அதே ஆண்டு மே மாதத்தில்தான் பெரும் புகழ் பெற்றிருந்தார் அவர். விலங்கு பூட்டி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்ட ஆலன், 1778-இல்தான் விடுதலையாகி வெர்மாண்ட் திரும்பினார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மகள் அதே நகருக்கு வந்தார். அவரை யாரும் பிடித்து வரவில்லை. ஆனால் வந்தவர், நகரின் மிகப் பழைய மருத்துவமனைச் சுவர்களுக்குள் தன் மீதி வாழ்நாளைத் தானாகவே ஒப்படைத்துவிட்டார். ஃபேனி ஆலன் என்ற பிரான்செஸ் ஆலனின் கதை இது.

ஃபேனி 1784 நவம்பர் 13 அன்று வெர்மாண்டின் சண்டர்லேண்டில் பிறந்தார். அந்தச் சமயத்தில் தந்தை ஒரு புத்தகத்தை அச்சுக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தார். மனிதனுக்கு வழிகாட்ட அறிவு ஒன்றே போதும் என்று வாதிட்ட நூல் அது. 1785-இல் பென்னிங்டனில் வெளிவந்தது. கடவுள் உண்டு, ஆனால் வேதம், அற்புதம், குருமார் எல்லாம் மனிதர் கட்டியவை என்பது ஆலனின் கட்சி. பாதிரிமார்கள் கொதித்தார்கள். நூல் விற்கவில்லை. அச்சகத்தில் பற்றிய தீயில் பெரும்பாலான பிரதிகள் எரிந்தும் போயின.

1789 பிப்ரவரியில் ஆலன் இறந்தபோது ஃபேனிக்கு நான்கு வயது. தாய் 1793-இல் ஜேபஸ் பெனிமன் என்ற மருத்துவரை மறுமணம் செய்துகொண்டார். மதப்பிடிப்பு அதிகமில்லாத அந்த வீட்டில் ஃபேனி ஞானஸ்நானம்கூடப் பெறாமல் வளர்ந்தார்.

1807-இல் இருபத்திரண்டு வயதில், பிரெஞ்சு கற்க மாண்ட்ரியல் போக வேண்டும் என்று வீட்டில் அனுமதி கேட்டார். பெற்றோர் தயங்கினார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

நம் ஊர்க் கிறிஸ்தவர்களிடையே பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு சாராருக்கு யோசேப்பு, மற்றவருக்குச் சூசையப்பர். ஒரு வீட்டில் போதகர், மறு வீட்டில் சாமியார். வேதம் ஒன்று, ஆண்டவர் ஒருவர். ஆனாலும் ஆர்.சி. வீட்டில் பெண் எடுப்பதென்றால் பேச்சு நீளும். அந்தக் கால நியூ இங்கிலாந்தில் இந்த இடைவெளி இன்னும் பல மடங்கு பெரியது. பியூரிட்டன் மரபில் ஊறிய மண் அது. போப்பாண்டவரின் மதம் என்றாலே மூடநம்பிக்கை, அடிமைத்தனம் என்று எண்ணியவர்கள் அங்கே ஏராளம். 1816-இல் டானியல் பூவரைத் தெல்லிப்பழைக்கு அனுப்பி, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிகள் எழக் காரணமாக இருந்ததும் இதே நியூ இங்கிலாந்துதான்.

ஆகவே பெற்றோர் ஒரு நிபந்தனை போட்டார்கள். போகுமுன் ஃபேனி ஒரு புராட்டஸ்டண்ட் போதகரிடம் ஞானஸ்நானம் பெற வேண்டும். நோய் பரவிய ஊருக்குப் போகிற பிள்ளைக்கு ஊசி போட்டு அனுப்புவது போன்ற ஏற்பாடு. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கிளேர்மாண்ட் என்ற ஊரின் எபிஸ்கோப்பல் போதகர் டானியல் பார்பர் அதை நிறைவேற்றினார். சடங்கின்போது ஃபேனி சிரித்ததாகவும் போதகர் கண்டித்ததாகவும் சொல்வதுண்டு. இந்தப் போதகரை மறந்துவிட வேண்டாம், மீண்டும் வருவார்.

மாண்ட்ரியலில் ஃபேனி நோத்ருதாம் சபைக் கன்னியரின் பள்ளியில் சேர்ந்தார். அங்கே நடந்ததாக மடத்து மரபு கூறும் நிகழ்ச்சி இது. ஒருநாள் ஒரு கன்னியாஸ்திரி அவரிடம் பூக்களைக் கொடுத்து, பீடத்தில் வைத்து அங்கிருக்கும் ஆண்டவரை ஆராதித்துவிட்டு வரச் சொன்னார். நற்கருணை அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. இரு சபைகளையும் பிரிக்கும் முக்கியமான கோடுகளில் ஒன்று அதுதான். ஃபேனி மனதுக்குள் சிரித்தபடி போனார். பீடத்தின் கிராதியைத் தாண்ட முயன்றார், கால் எழவில்லை. மூன்றாம் முறையும் முடியாமல் போக, அங்கேயே முழந்தாளிட்டார்.

இதை அற்புதம் என்பவர்கள் உண்டு. தனியாக அந்நிய ஊரில் இருந்த ஒரு இளம்பெண்ணின் மனக்குழப்பம் என்பவர்களும் உண்டு. அவருடைய தந்தை இரண்டாவது கட்சியில்தான் இருந்திருப்பார். எப்படியானாலும், அதன்பின் ஃபேனி கத்தோலிக்கரானார். செய்தி கேட்ட பெற்றோர் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பழைய சூழலில் மனம் மாறிவிடும் என்ற நம்பிக்கை. மாறவில்லை. 1808-இல் மாண்ட்ரியலுக்கே திரும்பி, ஓத்தெல்-தியூ மருத்துவமனையை நடத்திய புனித சூசையப்பர் மருத்துவக் கன்னியர் சபையில் சேர்ந்தார். ழான் மான்ஸ் என்ற பெண்மணி தொடங்கிய மருத்துவமனை அது. 1659-இல் பிரான்சிலிருந்து வந்த இந்தச் சபையினர் அதன் பொறுப்பை ஏற்றிருந்தார்கள்.

1811-இல் ஃபேனி வார்த்தைப்பாடு கொடுத்த நாளில் சிற்றாலயம் அமெரிக்க நண்பர்களால் நிரம்பி வழிந்தது. ஈதன் ஆலனின் மகள் கன்னியாஸ்திரி ஆகிறாள் என்பது அவர்களுக்கு நம்ப முடியாத செய்தி. அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. தந்தை எந்த நாட்டுக்காக விலங்கு பூண்டாரோ அந்த நாட்டின் எதிரி நகரில், மகள் நோயாளிகளின் படுக்கையருகே இருந்தார். 1819-இல், முப்பத்தைந்து வயதளவில், நுரையீரல் நோயால் அங்கேயே இறந்தார்.

இனி அந்தப் போதகர். ஃபேனிக்குத் தடுப்பூசி போட்ட டானியல் பார்பரே 1818-இல் தன் பதவியைத் துறந்து கத்தோலிக்கரானார். ஃபேனியின் மாற்றமும் அவரைச் சிந்திக்க வைத்த காரணங்களுள் ஒன்று என்று கத்தோலிக்க வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவருக்கு முன்பே மகன் விர்ஜில் பார்பரும் மருமகளும் மாறிவிட்டிருந்தார்கள். விர்ஜிலும் எபிஸ்கோப்பல் போதகராக இருந்தவர். அவர் இயேசு சபைக் குரு ஆனார், மனைவி கன்னியாஸ்திரி ஆனார். அவர்களது நான்கு மகள்கள் கன்னியர் மடங்களிலும் ஒரே மகன் இயேசு சபையிலும் சேர்ந்தார்கள். ஒரு குடும்பம் இப்படிக் கலைந்ததைத் தியாகம் என்பதா, இழப்பு என்பதா? சின்னக் குழந்தைகளைப் பிரிந்து மடம் புகுந்த அந்தத் தாயை நினைத்தால் பதில் அத்தனை சுலபமாக வரவில்லை.

நியூ இங்கிலாந்தில் பிறந்த முதல் கன்னியாஸ்திரி என்று ஃபேனியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. மாசசூசெட்ஸின் குரோட்டனிலிருந்து 1694-இல் அபெனாக்கி பழங்குடியினரால் கவர்ந்து வரப்பட்ட லிடியா லாங்லி, 1696-இல் மாண்ட்ரியலில் கத்தோலிக்கராகி நோத்ருதாம் சபையில் சேர்ந்தவர்; 1758-இல் மறைந்தார். ஆனால் லிடியா கைதியாக வந்தவர். திரும்பிப் போக வீடு இல்லாதவர். ஃபேனிக்கு வீடு இருந்தது, வசதி இருந்தது, தடுக்கப் பெற்றோரும் இருந்தார்கள். அத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தார்.

மகள் தந்தையைத் தோற்கடித்துவிட்டார் என்று பக்தர்கள் மகிழ்வதுண்டு. தந்தையின் அறிவுக்கு மகள் துரோகம் செய்தார் என்று பகுத்தறிவாளர்கள் வருந்தலாம். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. ஊரார் என்ன சொன்னாலும் தனக்கு உண்மை என்று பட்டதைத் தானே தேடி அடைய வேண்டும், அடைந்தபின் அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்பதுதானே ஈதன் ஆலன் வாழ்ந்து காட்டியது? மகளுக்குப் போய்ச் சேர்ந்தது அவருடைய கொள்கை அல்ல, அந்தப் பிடிவாதம். நாத்திக வீட்டில் பக்திமான்களும் பக்தர் வீட்டில் நாத்திகர்களும் பிறப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். அங்கெல்லாம் பிள்ளை கைமாறிப் போய்விட்டதாகப் புலம்பும் பெற்றோர், தங்கள் சாயலைத்தான் பார்க்கிறோம் என்பதைக் கவனிப்பதில்லை.

1894-இல் மாண்ட்ரியலிலிருந்து அந்தச் சபைக் கன்னியர் வெர்மாண்டுக்குப் போய், கோல்செஸ்டரில் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். அதற்கு ஃபேனி ஆலன் என்றே பெயரிட்டார்கள். தந்தை கைதியாகி நின்ற ஊரிலிருந்து, மகளின் பெயர் இப்படிச் சொந்த மண்ணுக்குத் திரும்பியது.