பரீக்ஷையில் தவறிய குமாஸ்தா

கோட்டுச்சேரிமேட்டுக்கு மேற்கே, கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீனிவாஸ ராமானுஜன் (1887–1920) எப்.ஏ. பரீக்ஷையில் தேறவேயில்லை. கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால், கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் பயனில்லை. பட்டமில்லாதவருக்கு உத்தியோகம் யார் கொடுப்பார்? அவரிடமிருந்த யோக்யதாபத்திரம் தம் கணித நோட்டுப் புத்தகங்களே. அவற்றைப் படித்துப் பார்க்கத் தெரிந்த சிலர் அன்று சென்னையில் இருந்தது நம் பாக்கியம். நோட்டுப் புத்தகமும் இல்லாத பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்கலாம்; நியாயமான கேள்விதான்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவானார். மறு வருஷமே சென்னைச் சர்வகலாசாலை, பட்டம் பெற்றோருக்கே உரிய ஆராய்ச்சிச் சம்பளத்தை, விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாயாக இவருக்கு அளித்தது. 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கிடைத்தது 1916-ல்தான். ராயல் சொஸைட்டி அங்கத்தினரானது 1918-ல்.