பனை நட்டவர்

பொருள் இன்றி இல்லறம் நடவாது. அதனை உணர்ந்தே வள்ளுவர் அறத்தை அடுத்துப் பொருளுக்கு ஒரு தனிப் பால் வகுத்தார். ஆயினும் பொருள் தேடிப் பகலும் இரவும் உழைப்போர் இல்லங்களில் ஒரு வினா எழுவதுண்டு. இழந்த உறக்கத்திற்கும், உறவுகளைப் பிரிந்திருந்த ஆண்டுகளுக்கும், தளர்ந்துபோன உடலுக்கும் ஈட்டிய செல்வம் ஈடாகுமா என்பதே அவ்வினா. அதற்கு விடை தேடுவோர் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டாவின் வாழ்க்கையை அறிந்துகொள்ளுதல் நன்று.

இளமையும் பிரிவும்

ஜாம்ஷெட்ஜி 1839 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3 ஆம் நாள் குஜராத்தில் உள்ள நவ்சாரி என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் பார்சி சமயக் குருமார் மரபைச் சேர்ந்தது. தந்தையார் நசர்வான்ஜி அம்மரபை விட்டு விலகிப் பம்பாய் நகருக்குச் சென்று வணிகம் தொடங்கினார். மகனும் சிறு வயதிலேயே பிறந்த ஊரை விட்டுத் தந்தையிடம் சென்று சேர்ந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858 இல் படிப்பை முடித்தார். மாணவராய் இருந்தபோதே ஹீராபாய் என்பாரை மணந்தார்.

1859 ஆம் ஆண்டு அவர்களுக்குத் தோராப்ஜி என்னும் மகன் பிறந்தான். அதே ஆண்டில் ஜாம்ஷெட்ஜி, தந்தையின் வணிகத்தைப் பெருக்கும் பொருட்டு ஹாங்காங்கிற்குக் கப்பல் ஏறினார். அக்காலத்தில் இந்தியாவிலிருந்து பருத்தியும் அபினியும் சீனத்திற்குச் சென்றன. அங்கிருந்து தேயிலையும் பட்டும் வந்தன. பம்பாய் வணிகர் பலர் இவ்வழியிலேயே பொருள் ஈட்டினர். மகன் தவழும் பருவத்தில் தந்தை கடல் கடந்து கணக்கேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருளுக்காக அவர் கொடுத்த முதல் விலை இது.

வீழ்ச்சியும் நேர்மையும்

1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. ஆகவே இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. பம்பாயில் பலர் ஓரிரு ஆண்டுகளில் பெருஞ்செல்வர் ஆயினர். இவ்வளம் நிலைக்கும் என நம்பி, ஜாம்ஷெட்ஜியும் 1864 ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் மாநகருக்குப் புறப்பட்டார். 1865 இல் போர் ஓய்ந்தது. பருத்தியின் விலை சரிந்தது. அவர் கையில் இருந்த பத்திரங்கள் வெற்றுத் தாள்கள் ஆயின.

இருபத்தாறு வயது இளைஞர் அயல்நாட்டில் கடன்காரராய் நின்றார். அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தோரை நேரில் சந்தித்து, உள்ள நிலையை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், கணக்குகளைத் தீர்த்து முடிக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தனர். பம்பாயில் தந்தையார் கடனை அடைப்பதற்காகத் தம் வீட்டை விற்றார். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த செல்வம் சில திங்களில் கரைந்துபோகும் என்பதை அக்குடும்பம் கண்ணெதிரே கண்டது.

நாகபுரி ஆலை

1868 இல் ஜாம்ஷெட்ஜி 21,000 ரூபாய் முதலீட்டில் மீண்டும் வணிகம் தொடங்கினார். மறு ஆண்டு, நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி அதனைப் பஞ்சாலையாக மாற்றினார். பின்னர் இங்கிலாந்து சென்று, இலங்காசயர்ப் பகுதியின் ஆலைகள் இயங்கும் முறையைக் கற்றறிந்தார். அந்நாளில் பஞ்சாலை என்றால் பம்பாய் என்றே வணிகர் எண்ணினர். ஜாம்ஷெட்ஜியோ பருத்தி விளையும் நிலத்திற்கு அருகிலேயே ஆலை அமைதல் வேண்டும் எனக் கருதி நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். சதுப்பு நிலத்தை வாங்கி மண் கொட்டி மேடாக்கினார். பொன்னை மண்ணில் புதைக்கிறார் என்று அவ்வூர்ச் செல்வர் ஒருவர் எள்ளி நகையாடினார். 1877 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் எம்பிரஸ் ஆலை இயங்கத் தொடங்கியது. எள்ளியவரே பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொள்ளும்படி அவ்வாலை செழித்தது.

யாருடைய நேரம்?

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரு நாள் என்பது இருபத்து நான்கு மணி நேரமே. ஒருவர் எத்துணைக் கடுமையாக உழைத்தாலும் தம் இரு கைகளால் மட்டும் பெருஞ்செல்வம் திரட்டிவிட இயலாது. பல்லாயிரவர் தம் வாழ்நாளின் நேரத்தைக் கொடுக்கும்போதுதான் அது திரள்கிறது. அக்காலத்து இந்தியப் பஞ்சாலைகளில் ஞாயிறு எழும்போது தொடங்கிய வேலை ஞாயிறு மறையும் வரை நீண்டது. பெண்களும் சிறுவர்களும்கூட அவ்வெப்பத்திலும் பஞ்சுத் தூசியிலும் உழன்றனர். முதலாளி தம் நேரத்தைத் தாமே விரும்பிக் கொடுத்தார். தொழிலாளிக்கு அவ்வுரிமை இல்லை.

நாகபுரி ஆலையில் நாள்தோறும் தொழிலாளர் பலர் வேலைக்கு வருவதில்லை. ஏறக்குறைய ஐவரில் ஒருவர் வராத நாள்களும் உண்டு. வேறு முதலாளியாயின் தண்டம் விதித்திருப்பார். ஜாம்ஷெட்ஜி மாற்று வழியை நாடினார். ஆலைக்குள் காற்றோட்டம் அமைத்தார். காற்றை ஈரப்படுத்திக் குளிர்விக்கும் கருவிகளையும், தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்களையும் பொருத்தினார். 1886 இல் தொழிலாளர்க்கு ஓய்வுகால வைப்புநிதி ஏற்படுத்தினார். 1895 இல் விபத்துக்குள்ளானோர்க்கு இழப்பீடு வழங்கத் தொடங்கினார். அவற்றைச் செய்யுமாறு எந்தச் சட்டமும் அந்நாளில் அவரை வற்புறுத்தவில்லை. தொழிலாளர் நலத்தினாலேயே ஆலையின் நலம் வளரும் என அவர் தெளிந்திருந்தார்.

மூன்று கனவுகள்

ஐம்பது வயதைக் கடந்த செல்வர் ஓய்வை நாடுவது இயல்பு. ஜாம்ஷெட்ஜியோ அவ்வயதுக்குப் பின்னரே மூன்று பெரும்பணிகளில் முழுமூச்சுடன் இறங்கினார். இந்தியாவில் எஃகு ஆலை அமைத்தல் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரிலிருந்து மின்சாரம் எடுத்தல் மற்றொன்று. அறிவியல் ஆராய்ச்சிக்கு உயர்நிலைக் கல்வி நிறுவனம் நிறுவுதல் மூன்றாவது.

1892 இல் இந்திய மாணவர்கள் வெளிநாடு சென்று உயர்கல்வி பெறுவதற்கு நிதியம் ஒன்றை உருவாக்கினார். 1898 இல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கென 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள தம் சொத்துகளை அளிக்க முன்வந்தார். அது அவருடைய செல்வத்தில் ஏறத்தாழப் பாதி எனக் கூறுவர். எனினும் ஆங்கில அரசு தயங்கியது. அத்தகைய படிப்புக்கு இந்தியாவில் மாணவர் கிடைப்பரோ என ஐயுற்றது. ஆண்டுகள் உருண்டோடின.

எஃகு ஆலைக்காக 1902 இல் அமெரிக்கா வரை சென்றார். அவ்வாண்டில் தம் மகனுக்கு எழுதிய மடலில், ஆலை எழாத முன்னரே ஆலைத் தொழிலாளர் வாழவேண்டிய நகரைப் பற்றி விளக்கினார். அகன்ற தெருக்கள், நிழல்தரும் மரங்கள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடங்கள் ஆகியவை அந்நகரில் அமையவேண்டும் என வேண்டினார். உழைப்பவர்க்கு உழைப்பு நேரம் போக எஞ்சிய நேரமும் உண்டு என்பதை அம்மடல் மறக்கவில்லை.

இதற்கிடையே அவர் உடல்நலம் குன்றியது. 1904 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள் செருமனியில் உள்ள பாத் நவ்கைம் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். அகவை அறுபத்தைந்து. உடல் இங்கிலாந்து மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. அப்போது எஃகு ஆலை இல்லை, மின்நிலையம் இல்லை, ஆராய்ச்சி நிறுவனமும் இல்லை. தென்னையை நட்டவர் அதன் காயை உண்டு மறைவர். பனையை நட்டவரோ பார்த்துவிட்டு மட்டுமே மறைவர் என்பது தமிழ்நாட்டு வழக்கு. ஜாம்ஷெட்ஜி தாம் நட்ட பனை முளைத்ததைக்கூடப் பார்க்கவில்லை.

விளைச்சல்

தந்தையின் பணியைத் தோராப்ஜியும் இளையவர் இரத்தன்ஜியும் உறவினர்களும் தொடர்ந்தனர். 1909 இல் பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனம் உருப்பெற்றது. மைசூர் அரசு அதற்கு நிலம் வழங்கியது. 1933 இல் தமிழரான சர் சி. வி. இராமன் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். 1915 இல் மலைநீரின் மின்சாரம் பம்பாயை அடைந்தது. சாக்சி என்னும் சிற்றூரில் எழுந்த ஆலை 1912 இல் எஃகு வார்த்தது. 1919 இல் அவ்வூர் அவர் பெயரால் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

1912 இல் அவ்வாலையில் எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமோ பஞ்சாலைகளில் ஆண்கள் நாளொன்றுக்குப் 12 மணி நேரம் உழைக்க இடம் தந்திருந்தது. வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என்னும் வரையறை 1940களில்தான் நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

எனினும் அந்நகரில் எல்லாம் இனிதே நடந்தன என்று கூறுதல் உண்மையாகாது. 1920 இலும் 1928 இலும் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1928 இல் சுபாசு சந்திரபோசு அவர்கள் சார்பில் பேசி உடன்பாடு காண உதவினார். நல்ல எண்ணம் கொண்ட முதலாளி நிறுவிய ஆலையிலும் தொழிலாளர் தம் உரிமையைத் தாமே கேட்டுப் பெறவேண்டியிருந்தது.

இரத்தன்ஜியும் தோராப்ஜியும் தம் செல்வத்தில் பெரும்பகுதியை அறக்கட்டளைகளுக்கு எழுதிவைத்தனர். புற்றுநோய் மருத்துவமனையும் ஆராய்ச்சிக் கூடங்களும் அவ்வறக்கட்டளைகளின் துணையால் எழுந்தன.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். ஜாம்ஷெட்ஜி இழந்தவை பல. மகனுடைய மழலைப் பருவமும், முதுமையின் ஓய்வும், கனவு நனவாவதைக் காணும் மகிழ்ச்சியும் அவருக்குக் கிட்டவில்லை. ஈட்டிய செல்வம் அவற்றைத் திருப்பித் தரவும் இல்லை. ஆயினும் அச்செல்வம் பிறர் கல்வியாகவும் மருந்தாகவும் மாறியபோது, அவருடைய உழைப்பு வீணாகவில்லை எனலாம். அவ்வாறு தம் நேரத்தைக் கொடுக்க முன்வருவோர் போற்றத்தக்கவர். ஆனால் பிறருடைய நேரத்தைக் கேட்பவர் அதற்கு ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். எட்டு மணி நேரம் உழைத்து வீடு திரும்பிய சாக்சித் தொழிலாளி, தன் மகன் தவழ்வதைக் காண முடிந்தது. ஆலையின் நிறுவனர்க்குக் கிட்டாத பேறு அது.

பயிற்சி

1. நசர்வான்ஜி பம்பாயில் தம் வீட்டை விற்றதன் காரணம் யாது?
2. ஜாம்ஷெட்ஜி பஞ்சாலை அமைக்க நாகபுரியைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
3. தொழிலாளர் வேலைக்கு வாராமை என்னும் குறையை அவர் எவ்வாறு எதிர்கொண்டார்?
4. இப்பாடத்திற்குப் 'பனை நட்டவர்' என்னும் தலைப்பு எவ்வாறு பொருந்துகிறது?
5. உங்கள் பெற்றோர் நாள்தோறும் எத்தனை மணி நேரம் வேலை செய்கின்றனர் எனக் கேட்டறிக. அதனால் உங்கள் குடும்பம் பெறுவன யாவை, இழப்பன யாவை எனப் பத்து வரிகளில் எழுதுக.