மெர்க்கேட்டர் வரைந்த நேர்கோடு

செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக, 1512-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள், இன்றைய பெல்ஜியத்திலுள்ள ரூபெல்மாண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார் ஜெரார்ட் கிரேமர். கிரேமர் என்றால் வணிகர் என்பது பொருள். கற்றோர் தம் பெயரை இலத்தீனாக்கிக் கொள்வது அக்கால வழக்கமாதலின், அவர் மெர்க்கேட்டர் ஆனார்.

லூவன் பல்கலைக்கழகத்தில் 1532-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். கெம்மா பிரீசியஸ் என்ற அறிஞரிடம் கணிதமும் வானியலும் கற்றார். செப்புத் தகட்டில் எழுத்துச் செதுக்குவதிலும் வல்லவர். 1541-இல் அவர் செய்த உலக உருண்டையில் புதுமை ஒன்று இருந்தது. திசைகாட்டி காட்டும் ஒரே கோணத்தில் கப்பல் சென்றால், அதன் வழி உருண்டைமேல் வளைந்து செல்லும். அவ்வளைவுகளை அதில் வரைந்திருந்தார்.

1544-இல் பேரிடி விழுந்தது. சமயக் கொள்கையில் மாறுபட்டவர் என்ற ஐயத்தின்பேரில், பிறந்த ஊரின் கோட்டையிலேயே ஏழு திங்கள் சிறைவைக்கப்பட்டார். அவ்வழக்கில் பிடிபட்டவருள் சிலர் கொல்லப்பட்டனர். பல்கலைக்கழகம் பரிந்து பேசியது; மெர்க்கேட்டர் உயிர் பிழைத்தார். 1552-இல் ஜெர்மானிய நகரான டூயிஸ்பர்க்கில் குடியேறினார்.

அங்கேதான், 1569-இல், 18 தாள்களில் அந்த உலகப் படம் வெளிவந்தது. துருவத்தில் கூட வேண்டிய தீர்க்கரேகைகளை அவர் இணைகோடுகளாக நிறுத்தினார். இதனால் 60 பாகை அட்சரேகையில் கிழக்கு மேற்கு அளவு இரு மடங்காகிறது. அதே அளவுக்கு வடக்கு தெற்காகவும் நீட்டினார். கோணம் கெடவில்லை, உருண்டைமேல் வளைந்த கப்பல் வழி தாளில் நேர்கோடாயிற்று. மாலுமிக்கு அளவுகோல் ஒன்று போதும்! ஆனால் பரப்பு அங்கே நான்கு மடங்காகப் பெருத்தது. கணக்கை அவர் விளக்கவில்லை. எட்வர்டு ரைட் என்ற ஆங்கிலேயர் 1599-இல் அதற்கான அட்டவணையை வெளியிட்டார்.

சுமார் 21.6 இலட்சம் சதுர கிலோமீட்டருள்ள கிரீன்லாந்து, அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்குள்ள ஆப்பிரிக்காவுக்கு நிகராக இப்படத்தில் தோன்றுகிறது. 32.8 இலட்சமுள்ள நம் இந்தியா அதற்குமுன் சிறுத்துவிடுகிறது. இதற்காக மெர்க்கேட்டரைப் பழிப்பவர் உண்டு. அது நேர்மையன்று. கடலோடிகளின் பயனுக்கென்று அவர் படத்தின் தலைப்பிலேயே குறித்திருக்கிறார். அதைப் பள்ளிச் சுவரில் மாட்டியவர்கள் பின்வந்தோரே.

1594 டிசம்பர் 2-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு மகன் ரூமோல்டு தந்தையின் நிலப்படங்களைத் தொகுத்து வெளியிட்டார். தந்தை தேர்ந்திருந்த அட்லஸ் என்ற பெயரே நூலுக்கு இடப்பட்டது. நிலப்படத் தொகுதிக்கு அப்பெயர் அமைந்தது அதுவே முதல்முறை. அதில் இடம்பெற்ற உலகப் படம் 1569-ஆம் ஆண்டு முறையில் அமைந்ததன்று. ரூமோல்டு 1587-இல் இரு வட்டங்களாக வரைந்த படமே அது.