ஒரு ரூபாய் ஊதியமும் உயர்நீதிமன்ற இருக்கையும்

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் நுழைவோர், பளிங்கில் வடிக்கப்பட்ட ஒரு சிலையைக் காண்பர். அது, அந்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் சர் தி. முத்துசாமி ஐயரின் சிலையாகும்.

அவர் 1832ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் வறிய குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தைத் தாங்க, மாதம் ஒரு ரூபாய் ஊதியத்தில் ஊர்க்கணக்கருக்கு உதவியாளராகப் பணிபுரிந்தார். சிறுவனின் கூரிய அறிவைக் கண்டு வியந்த வட்டாட்சியர் முத்துசாமி நாயக்கர், அவரைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். தெருவிளக்கின் ஒளியில் அவர் படித்த கதையைத் தமிழகம் இன்றும் சொல்லி மகிழ்கிறது.

கல்வி முடித்தபின் அரசுப் பணியில் சேர்ந்து, 1856இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். பின்னர் துணை ஆட்சியர், சார்பு நீதிபதி, சென்னைக் காவல் நடுவர், சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி எனப் படிப்படியாக உயர்ந்தார். பணியில் இருந்துகொண்டே சட்டப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரம் இங்கிலாந்து அரசியிடம் இருந்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதிபதிகளுள் மூன்றில் ஒரு பங்கினர் பாரிஸ்டர்களாகவும், மூன்றில் ஒரு பங்கினர் குடிமைப்பணியாளர்களாகவும் இருத்தல் வேண்டும். எஞ்சிய இடங்களே கீழமை நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் வாய்த்தன. கல்கத்தாவில் 1863லேயே இந்தியர் ஒருவர் நீதிபதியானார். சென்னையிலோ, உயர்நீதிமன்றம் தோன்றிப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே, 1877இல் முத்துசாமி ஐயருக்கு அவ்விருக்கை கிடைத்தது.

அந்நியமனத்தை ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் கடுமையாகச் சாடின. அவற்றுக்கு விடையளிக்க இந்தியர் கையில் வலிமையான இதழ் ஏதும் இல்லை. இக்குறையை உணர்ந்த இளைஞர் அறுவர், 1878 செப்டம்பர் 20ஆம் நாள், கடன் வாங்கிய பணத்தில் 80 படிகள் அச்சிட்டு 'தி இந்து' வார இதழைத் தொடங்கினர். ஒரு நீதிபதியின் நியமனம் ஒரு நாளேட்டின் பிறப்புக்கே வித்திட்டது.

எழுந்த ஐயங்களுக்கு முத்துசாமி ஐயர் தம் தீர்ப்புகளாலேயே விடையளித்தார். அன்றைய சட்டப்படி, நீதிபதிகள் அரசியின் விருப்பம் உள்ளவரை மட்டுமே பதவியில் நீடிக்க இயலும். அந்நிலையிலும் நேர்மை, ஆழ்ந்த புலமை, உழைப்பு ஆகியவற்றால் அனைவரின் மதிப்பையும் பெற்றார். 1893இல் பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். ஆயினும், தலைமை நீதிபதி பாரிஸ்டராகவே இருத்தல் வேண்டும் என்ற விதியால் அப்பதவி அவருக்கு நிலையாகக் கிட்டவில்லை. தகுதி இருந்தும் சட்டத்தின் கதவு மூடியிருந்தது. 1895 சனவரியில், பதவியில் இருக்கும்போதே அவர் மறைந்தார்.

அந்த விதியை 1935ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1948இல் பி.வி. இராசமன்னார் சென்னையின் நிலையான தலைமை நீதிபதியான முதல் இந்தியர் ஆனார். இன்று உயர்நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவர்களைத் தனியொருவரின் விருப்பப்படி நீக்க இயலாது. தவறான நடத்தையோ இயலாமையோ மெய்ப்பிக்கப்பட்டபின், நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாதோரும் ஆதரித்தால் மட்டுமே நீக்கம் நிகழும்.

நீதிபதி அஞ்சாமல் தீர்ப்புரைக்க இத்தகைய காப்பு இன்றியமையாதது. அக்காப்பு ஏதுமின்றியே நடுநிலை வழுவாது நின்றதில்தான் முத்துசாமி ஐயரின் பெருமை விளங்குகிறது. பளிங்குச் சிலையாய் அமர்ந்து, நீதி நாடி வருவோரை அவர் இன்றும் நோக்கிக்கொண்டிருக்கிறார்.