டூம்ஸ்டோன் நகரத்து டாக்டர்

'கௌபாய்' படம் பார்க்காத மாணவர் நம்முள் யாரும் இரார். புழுதி படிந்த தெரு; இரு பக்கமும் மரக் கட்டடங்கள்; துப்பாக்கிகள் வெடிக்கும்; ஒருவன் விழுவான். சுட்டவன் பின்னாலேயே படம் போய்விடும். விழுந்தவன் என்ன ஆனான், அவனை யார் தூக்கிச் சென்றார்கள், அவன் உடம்பில் புகுந்த குண்டை யார் எடுத்தார்கள் என்று எந்தப் படமும் கவலைப்படுவதில்லை. அந்தக் குண்டை எடுத்த மனிதர் ஒருவரைப் பற்றியே எழுதப் போகிறேன்.

அமெரிக்காவின் தென்மேற்கே, அரிசோனாப் பாலையில் டூம்ஸ்டோன் என்று ஓர் ஊர் உண்டு. கல்லறைக் கல் என்பது அப்பெயரின் பொருள். 1877-இல் எட் ஷீஃபலின் என்பவர் அப்பக்கத்து மலைகளில் கனிமம் தேடிப் புறப்பட்டபோது, அங்கே உமக்குக் கிடைக்கப் போவது உம் கல்லறைக் கல்தான் என்று படைவீரர்கள் கேலி செய்தனராம். அவருக்குக் கிடைத்தது வெள்ளி. கேலியை நினைவில் வைத்திருந்து அப்பெயரையே தம் சுரங்க உரிமைக்குச் சூட்டினார். 1879-இல் ஊர் எழுந்தது. சுரங்கத் தொழிலாளரும் சூதாடிகளும் வந்து குவிந்தார்கள். 1880-இல் ஒரு டாக்டரும் வந்து சேர்ந்தார். ஜார்ஜ் எமரி குட்ஃபெல்லோ என்பது அவர் பெயர், வயது 24. (என் வயது 23. ஆய்வுக்கூடத்தில் ஒரு வெற்றிடப் பம்பைத் தனியே இயக்குவதற்கே எனக்கு இன்னும் தயக்கம்.) ஊரின் பெரிய மதுக்கடைக்கு மேல்மாடியில் அவர் மருத்துவ அறை இருந்தது. காயம்பட்டவர்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்திலிருந்தே வந்தார்கள்.

அவர் பிறந்தது 1855-இல், கலிபோர்னியாவின் டவ்னிவில் என்னும் தங்கச் சுரங்க ஊரில். தந்தை சுரங்கப் பொறியாளர். மகன் முதலில் விரும்பியது மருத்துவத்தையன்று, கடற்படையை. 1872-இல் அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். குத்துச்சண்டையில் பெயர் பெற்றார். அதே ஆண்டு ஜேம்ஸ் கான்யர்ஸ் என்ற இளைஞரும் அங்கே சேர்ந்தார். அக்கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் கறுப்பின மாணவர் அவர். அவரை அடிப்பதும் இழிவுபடுத்துவதும் அங்குப் பலருக்கு அன்றாட விளையாட்டாயின. அவரைத் தாக்கியவர்களுள் குட்ஃபெல்லோவும் ஒருவர். அச்செய்தி வெளியே பரவி நாடெங்கும் பேச்சானது. அவ்வாண்டு டிசம்பரில் குட்ஃபெல்லோ கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். கான்யர்ஸும் மறு ஆண்டே விலகினார். அக்கல்லூரியிலிருந்து ஒரு கறுப்பின மாணவர் பட்டம் பெற்று வெளிவர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று ஒரு மாலை முழுதும் யோசித்தேன். மேலே சொல்லப் போகும் செயல்களுக்கு இது பொருந்தவே இல்லை. ஆனால் இதை மறைத்தால் நான் எழுதுவது வேறொருவர் வாழ்க்கையாகிவிடும். அடித்த கையும், பின்னால் குடலைத் தைத்த கையும் ஒரே கைதான்.

கடற்படைக் கதவு மூடியபின் அவர் மருத்துவம் பயின்று 1876-இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் அரிசோனாவில் சுரங்கக் கம்பெனிக்கும் இராணுவத்துக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு டூம்ஸ்டோனுக்கு வந்தார்.

அன்றைய மருத்துவத்தின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். வயிற்றில் குண்டு பாய்ந்தவனைத் தொடாமல் விட்டுவிடுவதே அப்போது வழக்கம். வயிற்றைத் திறந்தால் சீழ் பிடித்துச் சாவான். திறக்காவிட்டாலும் பெரும்பாலும் சாவான். 1881 ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். நாட்டின் பெரிய டாக்டர்கள் கழுவாத விரல்களைக் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள். இரண்டரை மாதம் துன்புற்று, செப்டம்பர் 19-இல் அவர் இறந்தார்.

கார்ஃபீல்ட் சுடப்பட்ட இரண்டாம் நாள், டூம்ஸ்டோனுக்கு வெளியே ஒரு சுரங்கத் தொழிலாளி வயிற்றில் சுடப்பட்டான். ஜூலை 13-ஆம் நாள் குட்ஃபெல்லோ அவன் வயிற்றைத் திறந்தார். உள்ளே சீழ், குடலில் ஆறு துளைகள். கழுவித் துடைத்து ஆறையும் தைத்து மூடினார். அவன் பிழைத்துக்கொண்டான். குண்டுக் காயத்துக்காக வயிற்றைத் திறந்து செய்த அறுவைகளுள் பதிவானவற்றில் இதுவே முதலாவது என்பர். லிஸ்டர் கற்பித்த தூய்மை முறையை அவர் நம்பினார். கைகளையும் கருவிகளையும் காயத்தையும் சுத்தம் செய்யாமல் தொடமாட்டார். வாஷிங்டனில் கிடைக்காத வைத்தியம், மதுக்கடை மாடியில் ஒரு கூலியாளுக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு அக்டோபர் 26-இல் நடந்ததுதான் ஓ.கே. கொரல் சண்டை. படங்களில் அதைப் பலமுறை சுட்டுத் தீர்த்திருக்கிறார்கள். மூவர் மாண்டனர். காயமுற்ற வெர்ஜில், மார்கன் ஏர்ப் சகோதரர்களுக்குச் சிகிச்சை செய்தவர் குட்ஃபெல்லோ. டிசம்பரில் வெர்ஜிலை இருட்டில் மறைந்திருந்து மீண்டும் சுட்டார்கள். இடக்கை எலும்பு நொறுங்கிவிட்டது. கையை வெட்டாமல், நொறுங்கிய எலும்பை மட்டும் சில அங்குல நீளத்துக்கு எடுத்துவிட்டார். கை முடமாயிற்று; உயிர் தங்கியது.

எனக்குப் பெரிதும் பிடித்தது பட்டுக் கைக்குட்டைச் செய்தி. 1881 பிப்ரவரியில் சார்லி ஸ்டார்ம்ஸ் என்ற சூதாடி நடுத்தெருவில், மிக அருகிலிருந்து சுடப்பட்டான். குட்ஃபெல்லோ பக்கத்திலேயே நின்றிருந்தார். பிணத்தைச் சோதித்தபோது காயத்திலிருந்து குண்டோடு ஒரு பட்டுக் கைக்குட்டையும் வந்தது. எலும்பும் தசையும் கிழிந்திருக்க, கைக்குட்டை கிழியவில்லை! வேறொருவராயின் வியந்துவிட்டுப் போயிருப்பார். இவர் அதே போன்ற வேறு காயங்களையும் கவனித்துக் குறித்து வைத்து, 1887-இல் பட்டைக் குண்டு துளைப்பதில்லை என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். பட்டிழை அறுமுன் நீளும். நீளும்போது குண்டின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். அந்நாளைய ஈயக்குண்டின் வேகத்துக்கு அது போதும். அடுத்த பத்தாண்டுகளில் சிகாகோவில் ஸெக்லென் என்ற பாதிரியார் பட்டினால் குண்டு தாங்கும் உட்சட்டையே செய்துவிட்டார்.

பிண விசாரணை அதிகாரியாகவும் இருந்த குட்ஃபெல்லோ ஒருமுறை செய்ததை ஊரார் சிரித்து மகிழ்ந்தார்கள்; எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1884 பிப்ரவரியில் ஒரு கும்பல் ஜான் ஹீத் என்ற கைதியைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கம்பத்தில் தூக்கிலிட்டது. ஒரு கொள்ளையிலும் கொலையிலும் உடந்தையாயிருந்தான் என்று ஆயுள் தண்டனை பெற்றவன் அவன். அவன் நுரையீரல் கோளாறினால் இறந்தான் என்றும், அது கழுத்து நெரிந்ததால் வந்திருக்கலாம், நெரித்தது அவனோ பிறரோ தெரியாது என்றும் முடிவு எழுதப்பட்டது. காரணம் ஊருக்கே தெரியும். கும்பலில் ஒருவர்மீதும் வழக்கு வராதபடி மருத்துவச் சொற்கள் காப்பாற்றின.

1887 மே 3-ஆம் நாள், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் பெரும் நிலநடுக்கம். பவிஸ்பே என்னும் சிற்றூரில் ஆலயம் இடிந்து, உள்ளே வழிபட்டிருந்தவர்கள் மடிந்தனர். குட்ஃபெல்லோ வண்டியில் மருந்தும் பொருளும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்ல ஸ்பானிய மொழி பேசுவார். கூலி வாங்காமல் காயங்களுக்குக் கட்டுப்போட்டார். மக்கள் அவரைப் புனித டாக்டர் என்று அழைத்தார்கள். வைத்தியம் முடிந்ததும் அவர் சும்மா திரும்பவில்லை. கேமிலஸ் ஃப்ளை என்ற புகைப்படக்காரரை உடனழைத்துக்கொண்டு மறுபடியும் போனார்; பூமி பிளந்த கோட்டை நெடுந்தூரம் தொடர்ந்து சென்று அளந்தார். அப்பிளவு சுமார் 100 கிலோமீட்டர் நீளமுடையதென்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. அவர் அறிக்கைகள் 'சயன்ஸ்' இதழில் வந்தன. மெக்சிகோ ஜனாதிபதி டியாஸ் அவருக்குப் பதக்கமும் குதிரையும் பரிசளித்தார்.

கீலா மான்ஸ்டர் என்ற பாலைப் பல்லியின் கடி ஆளைக் கொல்லும் என்று பலர் நம்பினர். உண்மை அறிய அவர் 1891-இல் தம் விரலையே நீட்டிக் கடிபட்டார். ஐந்து நாள் படுக்கையில் கிடந்தார்; எழுந்துவிட்டார். இதைப் பின்பற்றுமாறு விலங்கியல் நண்பர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

அதே ஆண்டு டூசான் நகரத்து டாக்டர் ஹாண்டி சுடப்பட்டார். செய்தி கிடைத்ததும் குதிரையிலும் இரயிலிலுமாக இரவோடிரவாக விரைந்து சென்று அறுவை செய்தும் பயனில்லை, ஹாண்டி இறந்தார். டூம்ஸ்டோனில் அப்போது சுரங்கங்களில் நீர் புகுந்து ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. குட்ஃபெல்லோ டூசானுக்கே குடிபெயர்ந்தார். 1898-இல் கியூபாப் போரில் தளபதி ஷாஃப்டருடன் இருந்து, சான்டியாகோவின் சரணாகதிப் பேச்சில் தம் ஸ்பானிய மொழியால் உதவினார்.

பிறகு சான் பிரான்சிஸ்கோவில் தொழில் நடத்தினார். 1906 ஏப்ரல் 18-இல் அங்கும் நிலம் நடுங்கியது, தொடர்ந்து தீ. அவருடைய குறிப்பேடுகளும் கைப்பிரதிகளும் அழிந்தன. அச்சேறிய கட்டுரைகளே எஞ்சின. மீண்டும் மெக்சிகோவுக்குச் சென்று குவாய்மாஸில் இரயில்வேத் தலைமை மருத்துவராக வேலை பார்த்தார். கடைசியில் கைகால் நரம்புகளைத் தாக்கும் நோய் வந்தது. 1910 டிசம்பர் 7-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலீஸில், ஐம்பத்தைந்து வயது நிறையப் பதினாறு நாள் இருக்கையில், அவர் இறந்தார்.